கழித்த எடை

நெசவாலை இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
எங்கள் தராசு இருக்கிறது.
மெயின் மாநிலத்தின் இந்த ஆற்றங்கரை ஊர்ப் பெயரை
முன்பு படுக்கை விரிப்புகளின் ஓரத்தில்
சிவப்பு நூலில் தைத்து அனுப்பினார்களாம்.
இப்போது செய்வதில் ஊர்ப் பெயர் போடுவதில்லை.
ஓர் எண், ஒரு கோடு, இன்னோர் எண்.

என் வேலை கழித்தல்.
மூன்று குழல், அவற்றைச் சுழற்ற ஒரு மோட்டார்,
உதைப்பை வாங்கிக்கொள்ள ஒரு தாங்கி.
அறுபது கிலோவில் கொடுத்தார்கள்.
ஹெலிகாப்டருக்கு அது பாரம்,
ஜீப்பின் கூரைக்கும் பாரம்.
இளைக்க வை என்றார்கள்.

எஃகு இருந்த இடத்தில் டைட்டானியம்.
திருகாணியின் தலையில் ஒரு குழி.
யாரும் பார்க்காத உட்புறத்தில்
தேன்கூடு மாதிரி ஓட்டைகள்.
நாலு கிராம். பதினொரு கிராம்.
நாற்பது கிராம் குறைந்த அன்று டோனட் வாங்கி வந்தார் ஹாலிஸ் தெரியோ.
அவருக்கும் டாக்டர் எடை குறைக்கச் சொல்லியிருந்தார்;
மூட்டு தாங்காது என்று.
துப்பாக்கியை இறக்கிவிட்டு
அதே தராசில் அவர் ஏறி நிற்பார்.
நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம்.

வியாழக்கிழமைகளில் சரளைக்கல் குழியில் சுட்டுப் பார்ப்பது.
வெடி தனித்தனியாகக் கேட்காது.
ஒரே நீளமாக, ஒரு கெட்டித் துணியை
இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக் கிழிப்பது போல.
இந்த ஊர் நூறு வருஷம் நெய்ததையெல்லாம்
என்று ஒரு வரி மனதில் வந்தது.
மேலே போகவில்லை. காதை மூடிக்கொண்டிருந்தேன்.
பெல்கி வீட்டு நாய் ட்ரக்குக்கு அடியில் போய்விடும்,
வெள்ளிக்கிழமை மதியம்வரை வராது.

இரண்டு வருஷம் ஆயிற்று.
பதினான்கு கிலோ அறுநூறு கிராம் கழித்துவிட்டோம்.
கேக் வெட்டினோம்.
பார்க்க வந்திருந்தார் சார்ஜென்ட் லிண்ட்க்விஸ்ட்,
கதவோரம் உட்கார்ந்து சுடுகிறவர்.
பேச்சுக்குத்தான் கேட்டேன்:
மிச்சமான எடைக்கு என்ன ஏற்றுவீர்கள்?

தோட்டாதான், என்றார்.
வேறென்ன, என்ற முகம்.

நாப்கினில் கணக்குப் போட்டேன்.
இணைப்போடு சேர்த்து நூறு தோட்டா.
நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு.
ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.
ஹெலிகாப்டர் எழும்பும்போது
பழைய எடையில்தான் எழும்பும்.

சார்ஜென்ட் கேக்கைத் தின்று முடித்துத்
தட்டைக் குப்பையில் போட்டுத் திரும்பி வந்து சொன்னார்:
சில நாள் தண்ணீர்.
ஒரு தடவை ஒரு பையன். சுவர் விழுந்த வீட்டிலிருந்து.
பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு ஏற்றினோம்.
இவ்வளவு இருப்பான் என்று
தரையிலிருந்து கையால் உயரம் காட்டினார்.
எடை எவ்வளவு என்று
என் வாய்வரை வந்தது.
சுவரை இடித்தது எது என்பதும்.
இரண்டையும் கேட்கவில்லை.
ஹாலிஸ் அவருக்கு இன்னொரு துண்டு நீட்டினார்.
வேண்டாம், மூட்டுக்கு ஆகாது, என்று சிரித்தார் அவர்.
முப்பது வயதுகூட இருக்காது.

அன்று நான் கவனித்தது வேறொன்று.
விசையை விட்ட பிறகும் குழல்கள் சுழல்கின்றன.
சுடாமல், சும்மா,
ஒன்று மேலே வரும், இரண்டு கீழே போகும்,
ஈரக் காற்றில் ஆவி விட்டுக்கொண்டு.
எத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்கினேன்.
அந்த அளவுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

இரவு வீட்டில் வாஷிங் மெஷின்
கடைசிச் சுற்றை முடித்து ஓயும் சத்தம்.
மூடிமேல் கையை வைத்தேன்.
எண்ணிக்கொண்டே நின்றேன்.
நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும்
உள்ளே ஏதோ ஒன்று
அரைச் சுற்றுக்கு நகர்ந்தது.
ஈரத் துணியை வெளியே எடுத்தேன்.
எவ்வளவு கனம்.